நான்கில் முடியும் எண்

ஜனவரி 20

காலை ஆறு மணி ஷிஃப்ட். ஹேங்கருக்குள் நுழைந்து பையை வைப்பதற்குள் என் மேஜையில் ஒரு தாள் காத்திருந்தது. பாதுகாப்பு உத்தரவு. 'கட்டாயம்' என்று தடித்த எழுத்தில். எங்கள் விமானங்களின் எஞ்சினில் எரிபொருள் பம்பிலிருந்து போகும் ஒரு குழாய் வெளிநாட்டில் இரண்டு இடங்களில் வெடிப்பு விட்டிருக்கிறது. முழங்கை நீளம்கூட இல்லாத சின்னக் குழாய். அது ஒழுகினால் கொதிக்கிற எஞ்சின் மேல் எரிபொருள் பீய்ச்சும். அப்புறம் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை. பதினைந்து நாளுக்குள் பழைய குழாய் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் அந்த விமானம் பறக்கக் கூடாது.

எங்கள் கம்பெனியில் நான்கு விமானம், எட்டு எஞ்சின். பெரிய வேலை இல்லை. தர மேலாளர் வித்யாசாகர் சார் என்னையும் சற்குணம் அண்ணனையும் போட்டிருக்கிறார்.

வீட்டில் தண்ணீர் கேன் வரவில்லை. என் வீட்டுக்காரர் கிளாடியஸ் நாளை பார்க்கலாம் என்கிறார். இந்த மனிதருக்கு எல்லாமே நாளைதான்.

ஜனவரி 27

குழாய்கள் வந்துவிட்டன. எட்டு உறை, எட்டு குழாய். பழசும் புதுசும் பார்க்க ஒரே மாதிரி. உள்ளே சுவரின் கனம்தான் வேறு, அது கண்ணுக்குத் தெரியாது. வெளியே தெரிகிற வித்தியாசம் வளையத்தில் பொறித்த எண் மட்டும். பழையது மூன்றில் முடியும், புதியது நான்கில் முடியும். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் கிடையாது, எட்டுக்கும் ஒரே எண்தான்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரே ஆள் ஒரே விமானத்தின் இரண்டு எஞ்சினையும் தொடக் கூடாது. ஒருவர் செய்த தப்பு இரண்டு பக்கமும் போய்விடக் கூடாதே. அதனால் நான்கு விமானத்திலும் இடது எஞ்சின் எனக்கு, வலது சற்குணம் அண்ணனுக்கு. நான் செய்ததை அவர் ஏணியில் ஏறித் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அவர் செய்ததை நான். இரண்டாம் பார்வை என்போம்.

அண்ணனுக்கு ஐம்பத்தேழு வயது. இப்போதெல்லாம் தாளைத் தூரத்தில் பிடித்துப் படிக்கிறார். கண் டாக்டரிடம் போங்கள் என்றால் சிரிக்கிறார். நான் கவனமாக இருக்கவேண்டும்.

ஜனவரி 28

எஃப் முடிந்தது. (விமானங்களைப் பெயரின் கடைசி எழுத்தால்தான் சொல்வோம்: ஏ, எஃப், கே, ஆர்.) அண்ணன் செய்ததை ஏறிப் பார்த்தேன், எண்ணைத் தொட்டுப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். அவரும் என்னுடையதைப் பார்த்தார். எஞ்சினை ஓட்டிப் பார்த்ததில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

சீலா மீன் குழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஜனவரி 30

கே. காலை முழுக்க நெருப்பில் நின்ற மாதிரி. பத்தரைக்கு மதுரை போகவேண்டிய விமானம், ஆபரேஷன்ஸிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். பழைய குழாயைக் கழற்றி, எரிபொருள் வாடை போகக் கழுவி, மேஜையில் துணி மேல் வைத்தேன். கழற்றியதை ரம்பத்தால் இரண்டாக வெட்டிச் சிவப்புத் தொட்டியில் போடவேண்டும், வேறு யாரும் திரும்ப எடுத்து மாட்டிவிடாமல் இருக்க. வெட்டிய பிறகுதான் புதியதன் உறையைப் பிரிக்கவேண்டும் என்பது வழக்கம். நேரம் போகிறதே என்று, வெட்டுவதற்கு முன்பே புதியதையும் பிரித்துப் பழையதன் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அந்நேரம் பார்த்துத் தங்கை ஜெயசீலி கூப்பிடுகிறாள், தூத்துக்குடியிலிருந்து. அவள் மகளுக்கு மே மாதம் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப்போகிறாள். "யக்கா, ஒனக்கு மயில்கழுத்து எடுக்கவா, மாம்பழக் கலரு எடுக்கவா? கடைக்காரரு காத்துக்கிட்டு நிக்காரு." எனக்கு மாம்பழக் கலர் ஆகாது என்று இருபது வருடமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு நிமிடம் சண்டை. திரும்பி வந்து மாட்டினேன், மற்றதை வெட்டித் தொட்டியில் போட்டேன், கையெழுத்துகள் ஆயின. பத்து இருபத்தைந்துக்கு விமானம் வெளியே போயிற்று.

மயில்கழுத்துதான். சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 1

ஏ முடிந்தது.

பிப்ரவரி 3

ஆர் முடிந்தது. கெடுவுக்கு ஒரு நாள் முன்னாலேயே எட்டும் தீர்ந்தது. வித்யாசாகர் சார் எல்லோர் முன்னாலும், "எமல்டா மேடம் கையெழுத்துப் போட்டா நான் திரும்பப் பாக்கறதில்ல" என்றார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இதை எழுதுவதில் என்ன தப்பு, உண்மைதானே.

பிப்ரவரி 19

பழைய உலோகம் எடுக்கும் லாரி நாளை வருகிறது. தொட்டியில் இருப்பதை எண்ணோடு பட்டியல் போட்டுக் கொடுக்கவேண்டும். தொட்டியைக் கவிழ்த்தேன். எட்டுக் குழாய், பதினாறு துண்டு. எண்ணிக்கை சரி. ஒவ்வொன்றாக எடுத்து எண்ணை எழுதினேன். மூன்று, மூன்று, மூன்று. ஏழாவது குழாயின் எண் நான்கில் முடிந்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நான்குதான்.

புதுக் குழாயை யாரோ வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் பழைய குழாய் ஒன்று ஏதோ ஒரு எஞ்சினில் திரும்ப ஏறி இருக்கிறது. பதினாறு நாளாக, அல்லது அதற்கும் மேலாக, பறந்துகொண்டிருக்கிறது.

அந்த இரண்டு துண்டையும் என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். பட்டியல் தயாராகவில்லை, லாரியை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள் என்று ஸ்டோர்ஸில் சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் தெரியாது. முதலில் எது என்று தெரியவேண்டும். தெரியாமல் வித்யாசாகர் சாரிடம் போய் என்னவென்று சொல்வது? நான்கு விமானத்தையும் நிறுத்துவார்கள். இரண்டு பேர் லைசென்ஸும் போகும். அண்ணனுக்கு ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது, பாவம்.

அவர் கண்தான். எனக்கு அன்றே தெரியும்.

பிப்ரவரி 20

கே-யைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று ஏனோ தோன்றியது. இதையும் எழுதிவிடுகிறேன்: ஜனவரி 30 அன்று அண்ணன் செய்த வலது எஞ்சினை நான் ஏறிப் பார்க்கவில்லை. கீழே நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். நேரம் இல்லை. ஒரே ஒரு தடவைதான்.

காலைப் பரிசோதனைக்கு கே வந்ததும், எண்ணெய்க் கசிவு பார்க்கவேண்டும் என்று சாக்குச் சொல்லி வலது எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னேன். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஏறினேன். கண்ணாடியை இரண்டு மூன்று தடவை திருப்பினேன். கடைசியில் தெரிந்தது. நான்கு.

இறங்கி, மூடியைச் சாத்தச் சொன்னேன். ஆக, கே இல்லை. கே-யை அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 21

எஃப், வலது. நான்கு.

சாப்பிட முடியவில்லை. போனில் விமானங்கள் போகும் படம் காட்டுகிற செயலி ஒன்றை இறக்கி வைத்திருக்கிறேன். நான்கு மஞ்சள் பொம்மை. ஒவ்வொன்றும் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு விமானத்துக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் எழுபது பேர். அவரைக்காய் அடிப்பிடித்துப் புகைந்து, கிளாடியஸ்தான் வந்து அடுப்பை அணைத்தார்.

"என்ன எமி, போனுல அப்படி என்ன?"

"ஒண்ணும் இல்ல. ஆபீஸ் வேலை."

"மூணு நாளா ஒன் மூஞ்சே சரியில்ல. யாருட்டயாவது சொல்லிரு. மனசுல வச்சிக்கிட்டு ஏன் சாகுத?"

இந்த மனிதர் எதையும் நாளைக்குத் தள்ளிவிடுவார், இதை மட்டும் இன்றே கேட்கிறார்.

பிப்ரவரி 22

தவக்காலத்தின் முதல் ஞாயிறு. பூசையில் முழங்காலில் இருந்தேன். என் முன்னால் ஒரு குடும்பம், சின்னப் பெண் குழந்தை பெஞ்சில் ஏறி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. வெளியே வரும்போது அந்த அம்மா யாரிடமோ, "நாளைக்கு ஐதராபாத் ஃப்ளைட்டு, இவ முதல் தடவ ஏறப்போறா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் விமானமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஆம் என்று சொன்னால் என்ன செய்வது?

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை. பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 23

ஏ, வலது. நான்கு.

இனி ஆர் மட்டும்தான் பாக்கி. அது டில்லி பக்கம் சுற்றிவிட்டு நாளைக் காலைதான் வரும். இன்றே நிறுத்தச் சொல்லலாம். சொல்லவேண்டும். நான்கு நாள் முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒவ்வொரு நாள் தள்ளத் தள்ள அந்தக் கேள்வி பெரிதாகிறது. இன்னும் ஒரு நாள். ஆர் வந்ததும் திறந்து, குழாயை மாற்றி, அப்புறம் சொல்லிவிடலாம்.

செபமாலை சொல்லிக்கொண்டே ஆர் இறங்குவதைப் பார்த்தேன். ஜெய்ப்பூர், இறங்கிவிட்டது. டில்லி, இறங்கிவிட்டது. கடைசித் தடவை இருபது நிமிடம் தாமதம். அந்த இருபது நிமிடத்தில் நான் எத்தனை தடவை செத்தேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 24

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப்போகிறேன். நாளை என்னை எழுதச் சொல்வார்கள், அப்போது மாறக் கூடாது.

காலை ஏழு மணிக்குக் கேன்டீனில் சற்குணம் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, பையைத் திறந்து இரண்டு துண்டையும் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்துக்குத் தூக்கி, கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். முகம் செத்துவிட்டது.

"இது புச்சாச்சே மேடம்."

"ஆமாண்ணே. பழசு ஒண்ணு மேல ஏறிருக்கு. ஆர்-ல வலது. நீங்க மாட்டினது."

"நான் மாட்டினதா? எப்டி சொல்றீங்கோ?"

"மத்த மூணையும் பாத்துட்டேன். அதுல எல்லாம் நாலுதான். ஒங்க கண்ணு சரியில்லண்ணே, அப்பவே டாக்டர்ட்ட போகச் சொன்னேன்ல."

டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். நேரே ஆர் நின்ற இடத்துக்குப் போய், தானே ஏணியை இழுத்துப்போட்டு, வலது எஞ்சினைத் திறந்தார். கண்ணாடியை உள்ளே நீட்டி என்னை மேலே கூப்பிட்டார்.

"நீங்களே பாருங்கோ. என் கண்ணுதான் பொட்டையாச்சே."

நான்கு.

ஏணியின் மேல் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். கீழே ஒருவர் தரை கூட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் குரலை ஏற்றவே இல்லை.

"என்னுது நாலும் பாத்துட்டீங்கோ. உங்குளுது நாலு இருக்குதே மேடம், அத்த பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. ஐந்து நாளில் நான்கு விமானத்தின் அடியிலும் நின்றேன். இடது எஞ்சின் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. திறக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை என்று எழுதினால் அது பொய். கே-யின் அடியில் நின்றபோது தோன்றியது. மேஜை, துணி, துணி மேல் ஒரே மாதிரி இரண்டு குழாய், காதில் ஜெயசீலியின் குரல், எல்லாம் ஒரு நொடி வந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கே-ல இடது," என்றேன். "நீங்கதானே அண்ணே இரண்டாம் பார்வை. நீங்க ஏறிப் பாத்தீங்கல்ல?"

அவர் ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல மேடம். நீங்க மாட்டினதுல நான் இன்னாத்த பாக்கறது? பதினஞ்சு வருசமா உங்க வேலைல ஒரு கொற கண்டதில்ல. பேனாவ நீட்டினீங்கோ, போட்டேன்."

அன்று அவர் வேலையை ஏறிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதும் அதே பேனாவில்தான்.

கே-யை மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நிச்சயம் என்று நினைத்ததெல்லாம் ஐந்து நாளாகத் தப்பாகவே போயிற்று. ஆபரேஷன்ஸுக்குப் போன் செய்தேன். ஷிஃப்டில் தௌலத் இருந்தாள்.

"நாலையும் நிறுத்தும்மா. நான் எமல்டா பேசுறேன். குழாய் மாத்துனதுக்கு நான் போட்ட கையெழுத்த வாபஸ் வாங்குறேன்."

"மேடம், கே மதுரைல பாசஞ்சர் ஏறிட்டு இருக்காங்க. ஏ திருச்சில நிக்குது. எஃப் ஐதராபாத்துக்கு மேல போயிட்டிருக்கு, அத எப்படி நிறுத்துறது?"

"ஏறுனவங்கள இறக்கச் சொல்லு. எஃப் எப்ப இறங்கும்?"

"முப்பத்தெட்டு நிமிஷம்."

முப்பத்தெட்டு நிமிடம் வித்யாசாகர் சாரின் அறையில் நின்றேன். உட்காரச் சொன்னார், முடியவில்லை. இரண்டு துண்டையும் அவர் மேஜையில் வைத்து, பத்தொன்பதாம் தேதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. தலையைக் குனிந்து துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ஏன் மேடம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எஃப் இறங்கியதாகத் தௌலத் சொன்னதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது பழைய குழாய் இல்லாத விமானம் என்று மனதுக்குத் தெரியும், இருந்தாலும் அழுதேன்.

பிப்ரவரி 25

மதுரைக்குப் போன இன்ஜினியர்கள் கே-யின் இடது எஞ்சினைத் திறந்தார்கள். மூன்று.

குழாயின் வளைவில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு. சுற்றிலும் ஈரம். படம் அனுப்பியிருந்தார்கள். துணியால் ஒற்றினால் துணி நனைகிற அளவுக்கு எரிபொருள். இன்னும் எத்தனை தடவை தாங்கியிருக்கும் என்று வித்யாசாகர் சாரிடம் கேட்டேன். அதற்கு யாரும் கணக்குச் சொல்ல முடியாது என்றார்.

மற்ற மூன்றிலும் இடது எஞ்சின் சரியாக இருக்கிறது. என் முத்திரையையும் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டார்கள். அண்ணனுடையதையும்.

கிளாடியஸிடம் சொன்னேன். ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, "சாப்புடு" என்றார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 2

சற்குணம் அண்ணன் வீட்டுக்குப் போனேன், பம்மலில். கதவைத் திறந்தது அவர் மனைவி. உள்ளே வரச் சொல்லவில்லை. அவர் பின்னாலிருந்து, "வுடு, வரட்டும்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். கண்ணைப் பற்றிச் சொன்னதற்கு முதலில், மற்றதற்கு அப்புறம்.

"டாக்டராண்ட போனேன் மேடம்," என்றார். "ரெண்டு கண்ணுலயும் புரை. நீங்க சொன்னது கரெக்டு. ஆனா நாலையும் நான் வெரலால தடவிப் பாத்துதான் மாட்டினேன். கண்ண நம்பறதில்ல நானு."

காப்பி வந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.

மார்ச் 11

விசாரணைக்காக இன்று ஹேங்கருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என்ன செய்தேன் என்று இடம் இடமாக நின்று காட்டவேண்டும். மேஜை இங்கே, துணி இங்கே, போன் பேசியது அந்தத் தூணுக்குப் பக்கத்தில். இருபதாம் தேதி கே-யின் வலது எஞ்சினைத் திறந்தபோது எங்கே நின்றீர்கள் என்று கேட்டார்கள். கே அங்கேதான் நின்றது, புதுக் குழாயோடு. நின்று காட்டினேன்.

ஒருவர் கையில் வைத்திருந்த தாளைப் பார்த்துப் படித்தார். ஜனவரி 30 முதல் பிப்ரவரி 24 வரை கே பறந்தது நூற்று நாற்பத்தாறு தடவை. அதில், நான் இந்த இடத்தில் நின்று எண்ணைப் பார்த்து, விமானத்தை அனுப்பிவிட்ட பிறகு இருபத்திரண்டு தடவை. அந்த இருபத்திரண்டில் மட்டும் ஆயிரத்து நானூற்றுப் பதினேழு பயணிகள், குழந்தைகளைச் சேர்க்காமல்.

குழந்தைகளை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். மடியில் உட்காருகிறவர்களுக்கு இருக்கை எண் கிடையாது, அதனால் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்றார்.

முடிந்ததும் எல்லோரும் காப்பி குடிக்கப் போனார்கள். நான் வலது எஞ்சினுக்குக் கீழே இருந்து புறப்பட்டு, விமானத்தின் வயிற்றுக்கு அடியில் குனிந்து, இடது எஞ்சின்வரை நடந்தேன். நிதானமாக, எண்ணிக்கொண்டே.

பன்னிரண்டு தப்படி.